பெட்டிக்குள் வளர்ந்த கேஜ்

25 மில்லிமீட்டர் துளையைச் சரிபார்க்கும் பிளக் கேஜ் அது. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. நுழைய வேண்டிய முனை ஒரு நாள் நுழைய மறுத்தது. லேத்தில் நின்றவரைத் திட்டினோம், போரிங் டூலை மாற்றச் சொன்னோம், இருபது முப்பது உருப்படிகளை ஓரமாக ஒதுக்கினோம். மறுநாள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்தவர் தன் கேஜைச் சொருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்புறம்தான் எங்கள் கேஜையே அளந்து பார்க்கத் தோன்றியது. வாங்கும்போது சான்றிதழில் இருந்த அளவைவிட 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்கு, கூடியிருந்தது.

தேய்ந்து சிறுத்திருந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். எண்ணெய் தடவி, மரப்பெட்டியில் வைத்து, வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே எடுக்கப்பட்ட இரும்பு எப்படி வளரும்?

பதில் அந்த எஃகுக்குள் மாறாமல் தங்கிப்போன ஒரு பொருளில் இருக்கிறது. உலோகவியலில் அதற்கு எஞ்சிய ஆஸ்டினைட் என்று பெயர். ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் சுருக்கமாக 'ஆர்ஏ' என்பார்கள், பெரும்பாலும் கொஞ்சம் வெறுப்போடு.

பிளஸ் டூ வேதியியலில் பொருள் மைய கனச்சதுரம், முகப்பு மைய கனச்சதுரம் என்று இரண்டு படம் வரைந்து மனப்பாடம் செய்திருப்போம். இரும்பு அந்த இரண்டையும் போட்டுக் காட்டும் உலோகம். சாதாரண வெப்பநிலையில் பொருள் மைய அடுக்கு. அதற்கு ஃபெரைட் என்று பெயர். 912 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அணுக்கள் இடம் மாறி முகப்பு மைய அடுக்குக்கு வந்துவிடும், அதுதான் ஆஸ்டினைட். கார்பன் கலந்திருந்தால் இந்த மாற்றம் இன்னும் கீழேயே, 727 டிகிரியிலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கே முதலில் கேட்டால் முரணாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. முகப்பு மைய அடுக்கு நெருக்கமானது. பழக்கடையில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்குவார்களே, அதே நெருக்கம். இடத்தில் 74 விழுக்காட்டை அணுக்களே அடைத்துக்கொள்கின்றன. பொருள் மைய அடுக்கில் 68 விழுக்காடுதான். அப்படியானால் கார்பன் அணுவுக்கு எங்கே அதிக இடம் கிடைக்க வேண்டும்? தளர்வான ஃபெரைட்டில்தானே? இல்லை, நேர்மாறு. ஃபெரைட்டின் காலியிடம் சின்னச் சின்னச் சந்துகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஆஸ்டினைட்டில் மொத்தக் காலியிடம் குறைவு, ஆனால் ஒவ்வொரு பொந்தும் பெரிது. அதனால் ஆஸ்டினைட் எடையில் 2 விழுக்காட்டுக்கும் சற்று மேலே கார்பனைக் கரைத்துக்கொள்ளும்; ஃபெரைட்டால் 0.02 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. நூறு மடங்கு வித்தியாசம். எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் குணம் மாற்ற முடிகிறதென்றால் அடிப்படைக் காரணம் இந்த நூறு மடங்குதான்.

சிவக்கக் காய்ச்சிய எஃகை மெதுவாக ஆறவிட்டால் கார்பன் அணுக்களுக்கு வெளியேற நேரம் கிடைக்கிறது. அவை இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற சேர்மமாக ஒதுங்கிக்கொள்ளும், மிச்சம் ஃபெரைட்டாகிவிடும். எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கினால் அந்த நேரம் கிடைக்காது. அடுக்கு மாறியே ஆக வேண்டும், கார்பன் வெளியேறவும் முடியாது. விளைவு, கார்பன் உள்ளேயே மாட்டிக்கொண்டு, கனச்சதுரம் ஒரு பக்கம் இழுபட்டு நீள்கிறது. இதுதான் மார்ட்டென்சைட். அரிவாளின் கூர்மையும் அரத்தின் கடினமும் இதனால் வருபவை. அணுக்கள் தனித்தனியாகத் தாவிப் போவதில்லை. அணிவகுப்பில் மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் அரை அடி நகர்வது போல, பக்கத்து அணுவை விட்டுப் பிரியாமலே சாய்ந்துவிடுகின்றன. ஒரு மார்ட்டென்சைட் தகடு எஃகுக்குள் ஒலியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பாயக்கூடும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்டினைட் என்பது ஆங்கிலேயரான ராபர்ட்ஸ்-ஆஸ்டினின் பெயர். மார்ட்டென்சைட் ஜெர்மானியரான அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயர். இரண்டையும் சூட்டியவர் பிரெஞ்சுக்காரரான ஃப்ளோரிஸ் ஆஸ்மாண்ட். தன் பெயரை எதற்கும் வைத்துக்கொள்ளாதவர்.

சரி, இந்த மாற்றம் ஏன் முழுதாக முடிவதில்லை?

மார்ட்டென்சைட் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் தொடங்கும். அதை எம்எஸ் என்று குறிப்பார்கள். அதற்குக் கீழே எவ்வளவு இறங்குகிறோமோ அவ்வளவு மார்ட்டென்சைட். அதே வெப்பநிலையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பெரிதாகப் பயனில்லை, மேலும் குளிர்வித்தால்தான் அடுத்த பங்கு மாறும். காரணம் இடநெருக்கடி. ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறும்போது பருமன் சுமார் 4 விழுக்காடு கூடுகிறது. முதலில் மாறிய தகடுகள் விரிந்து, இடையில் சிக்கிய ஆஸ்டினைட்டை எல்லாப் பக்கமும் நெருக்குகின்றன. அதுவும் விரிந்துதான் மாற முடியும், விரிய இடமில்லை. இன்னும் குளிர்வித்து, மாற வேண்டும் என்ற உந்துதலைக் கூட்டினால்தான் அது அசையும்.

எம்எஸ்ஸைக் கணக்கிட 1965-இல் ஆண்ட்ரூஸ் என்பவர் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 539-இலிருந்து, கார்பன் விழுக்காட்டை 423-ஆல் பெருக்கிக் கழியுங்கள், மாங்கனீசை 30.4-ஆல், நிக்கலை 17.7-ஆல், குரோமியத்தை 12.1-ஆல், மாலிப்டினத்தை 7.5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கார்பனின் எண் மட்டும் எவ்வளவு பெரிதென்று பாருங்கள். மற்ற உலோகங்களெல்லாம் இதில் சில்லறைதான். எம்எஸ்ஸுக்குக் கீழே எவ்வளவு ஆஸ்டினைட் மிஞ்சும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தின் கொய்ஸ்டினனும் மார்பர்கரும் 1959-இல் ஒரு அடுக்குக்குறிச் சமன்பாடு தந்திருந்தார்கள்: எம்எஸ்ஸிலிருந்து எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறோமோ அதை 0.011-ஆல் பெருக்கி, எதிர்க்குறி போட்டு, e-யின் அடுக்காக வைத்தால் மிஞ்சும் பங்கு வந்துவிடும்.

எங்கள் கேஜுக்குப் போட்டுப் பார்ப்போம். ஈஎன்31 வகை எஃகு. பேரிங்குகளுக்கும் போகும் சரக்கு. கார்பன் 1 விழுக்காடு, குரோமியம் 1.4, மாங்கனீசு 0.4 என்று வைத்துக்கொள்வோம். இந்த எஃகை 840 டிகிரி அளவில் சூடாக்கும்போது எல்லாக் கார்பனும் கரைவதில்லை. ஒரு பகுதி சின்னக் கார்பைடு உருண்டைகளாகவே, அதாவது உலோகத்தோடு சேர்ந்த சேர்மமாகவே, நின்றுவிடும்; ஆஸ்டினைட்டுக்குள் சுமார் 0.65 விழுக்காடு போகும். எம்எஸ் 235 டிகிரி வருகிறது. 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் மிஞ்சும் ஆஸ்டினைட் கிட்டத்தட்ட 10 விழுக்காடு. பட்டறையில் கிடைக்கும் அளவும் ஏறத்தாழ இதுதான்.

இப்போது உலைக்காரர் அவசரத்தில் வெப்பநிலையை ஏற்றிவிட்டார், கார்பைடு முழுவதும் கரைந்துவிட்டது என்று வையுங்கள். கரைந்த கார்பன் 1 விழுக்காடு. எம்எஸ் 87-க்கு இறங்கிவிடும், மிஞ்சுவது 50 விழுக்காடு! பாதி எஃகு மாறவே இல்லை. கடினம் குறைவாகக் காட்டுகிறதே என்று அடுத்த லாட்டுக்கு இன்னும் சூட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. ஏற்ற ஏற்ற இன்னும் மென்மையாகத்தான் வரும்.

நுண்ணோக்கியில் இதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். துண்டைக் கண்ணாடி போலப் பாலீஷ் செய்து, ஆல்கஹாலில் 2 விழுக்காடு நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் கரைசலில் சில விநாடி முக்கி, கழுவி, காயவைத்து வைத்தால், சரியாகக் கடினமாக்கிய துண்டு சாம்பல் நிறக் கம்பளம் போலத் தெரியும். நடுவே வெள்ளைப் புள்ளிகளாகக் கார்பைடு. 10 விழுக்காடு ஆஸ்டினைட் அதற்குள் இருந்தாலும் சாதாரண நுண்ணோக்கியில் பிடிபடாது. சூடு மிகுந்துபோன துண்டு அப்படியல்ல. கறுத்த ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், இடையிடையே எதுவும் எழுதாத தாள் போல வெள்ளைத் திட்டுகள். ஊசிகள் மார்ட்டென்சைட், வெள்ளை எல்லாம் எஞ்சிய ஆஸ்டினைட். கொஞ்ச நேரம் பார்த்தால் ஒவ்வொரு ஊசியும் முந்தைய ஊசியில் முட்டி நின்றிருப்பது தெரியும். எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று சொல்லிவிடலாம்.

கேஜின் கணக்குக்கு வருவோம். பருமன் 4 விழுக்காடு கூடினால் நீளவாக்கில் அதன் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1.33 விழுக்காடு. 25 மில்லிமீட்டரில் அது சுமார் 330 மைக்ரான். அதாவது எஃகின் வெறும் 1 விழுக்காடு ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறினாலே விட்டம் 3.3 மைக்ரான் கூடும். எங்கள் கேஜுக்குள் 10 விழுக்காடு இருந்திருந்தால், அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மட்டும் மனம் மாறியிருக்கிறது. மீதி இன்னும் உள்ளே இருக்கிறது என்பதுதான் எரிச்சல். மார்ட்டென்சைட் நாளாவட்டத்தில் கார்பனை விட்டுச் சற்றுச் சுருங்கவும் செய்யும் என்பதால் உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். எது வெல்கிறதோ அந்தப் பக்கம் அளவு நகரும்.

மருந்து எளிது: இன்னும் குளிர்வி. அதே சமன்பாட்டில் மைனஸ் 80 டிகிரி போட்டால் 3 விழுக்காடு மிஞ்சுகிறது. திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 போட்டால் 1 விழுக்காட்டுக்கும் கீழ். ஆனால் உடனே செய்ய வேண்டும். சாயங்காலம் எண்ணெயில் முக்கிவிட்டு, நைட்ரஜன் நாளைக்குத்தான் வரும் என்று விட்டுவைத்தால் அந்த ஒரு இரவில் ஆஸ்டினைட் அடம்பிடிக்கப் பழகிவிடும். கார்பன் அணுக்கள் மெதுவாக ஊர்ந்து தகடுகளின் ஓரத்தில் இருக்கும் குறைபாடுகளில் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லை நகராமல் பூட்டிவிடுகின்றன. மறுநாள் அதே மைனஸ் 80-இல் முந்தைய அளவு பலன் இருக்காது. எங்களுக்குக் கேஜ் செய்து தந்த இடத்தில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உடனே செய்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் எஞ்சிய ஆஸ்டினைட் ஒழிக்க வேண்டிய குப்பை என்றுதான் தோன்றும். கருவி செய்பவர்கள் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். கார்த் தகடு செய்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அதற்கு முன் சமையலறைக்குப் போய் வரலாம்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து, எவர்சில்வர் பாத்திரங்களில் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் நன்றாக ஒட்டும். அவை வேறு ரகம், விட்டுவிடலாம். ஒட்டாத பாத்திரத்தை எடுங்கள். அது முழுக்க ஆஸ்டினைட். நிக்கலோ மாங்கனீசோ நிறையச் சேர்த்து அறை வெப்பநிலையிலும் மாறாமல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்டினைட்டைக் காந்தம் இழுக்காது. இப்போது பாத்திரத்தின் விளிம்பு, ஆழமாக அழுத்தி வளைத்த மூலை, இங்கெல்லாம் காந்தத்தை மெல்லத் தடவுங்கள். பல பாத்திரங்களில் அங்கே மட்டும் லேசாக ஓர் இழுப்பு தெரியும். அழுத்தி இழுத்ததில் அந்த இடத்து ஆஸ்டினைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாகிவிட்டது. குளிர்விக்காமலே, வெறும் அழுத்தி இழுத்ததால்.

இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தலாம் என்று 1967-இல் காட்டியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஸாக்கேயும் பார்க்கரும் அவர்கள் குழுவினரும். டிரிப் எஃகு என்ற பெயர் அப்போது வந்தது; அடுக்கு மாறுவதாலேயே நீளும் தன்மை கூடும் எஃகு என்று பொருள். ஆனால் அவர்களுடைய எஃகில் குரோமியமும் நிக்கலும் மாலிப்டினமும் தாராளமாக இருந்தன. அந்த விலைக்குக் கார்க் கதவு செய்ய முடியாது. 1987-இல் ஜப்பானில் மட்சுமுராவும் கூட்டாளிகளும் 0.4 விழுக்காடு கார்பன், 1.5 விழுக்காடு சிலிக்கன், 0.8 விழுக்காடு மாங்கனீசு மட்டுமே உள்ள மலிவான லோ அலாய் எஃகில் அதே வித்தையைச் செய்து காட்டினார்கள். விலையுயர்ந்த நிக்கலின் வேலையைக் கார்பனே பார்த்துக்கொண்டது. சூத்திரத்தில் கார்பனுக்கு 423 என்று இருந்ததே, அதன் பலன்தான் இது.

இன்றைய கார்த் தகட்டில் கார்பன் இன்னும் குறைவு, 0.2 விழுக்காடு போல. வெல்டிங்குக்கு அதற்கு மேல் ஆகாது. 0.2-ஐ வைத்துக்கொண்டு ஆஸ்டினைட்டை அறை வெப்பநிலையில் எப்படி நிறுத்துவது? மொத்தக் கார்பனையும் ஒரு சின்ன மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதுதான் வழி. இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் தகட்டை 780, 800 டிகிரி போல ஒரு நடுவாந்திர வெப்பத்தில் வைக்கிறார்கள். பாதி ஃபெரைட், பாதி ஆஸ்டினைட். ஃபெரைட்டில் கார்பனுக்கு இடமில்லை என்று பார்த்தோம். எல்லாம் ஆஸ்டினைட் பக்கம் ஒண்டிக்கொள்ள, அங்கே 0.4 விழுக்காடு ஆகிவிடுகிறது. அடுத்து 400 டிகிரிக்கு வேகமாக இறக்கி, சில நிமிடம் அங்கேயே நிறுத்துகிறார்கள். இப்போது ஆஸ்டினைட்டின் பெரும்பகுதி பெய்னைட்டாக மாறுகிறது. டேவன்போர்ட்டும் எட்கர் பெய்னும் 1930-இல் விவரித்த அமைப்பு இது. மெல்லிய ஃபெரைட் தகடுகள் கட்டுக்கட்டாக வளரும், வளர வளரக் கார்பனை வெளியே தள்ளும்.

சாதாரண எஃகாக இருந்தால் தள்ளப்பட்ட கார்பன் உடனே சிமென்டைட்டாகிக் கதை முடிந்திருக்கும். சிலிக்கன் வருவது இந்த இடத்தில்தான். சிமென்டைட்டுக்கும் சிலிக்கனுக்கும் ஆகாது. சிலிக்கனை அது தன்னுள் கரைத்துக்கொள்வதில்லை. சிமென்டைட் உருவாக வேண்டுமென்றால் சிலிக்கன் அணுக்கள் விலகி வழிவிட வேண்டும், 400 டிகிரியில் அவற்றால் அவ்வளவு வேகமாக நகர முடியாது. எனவே கார்பன் சேர்மமாக மாற வழியின்றி, மிஞ்சியிருக்கும் ஆஸ்டினைட்டுக்குள்ளேயே போய்க் குவிகிறது. இறுதியில் 10, 15 விழுக்காடு ஆஸ்டினைட் மிஞ்சுகிறது, அதற்குள் 1 விழுக்காட்டுக்கு மேல் கார்பன். 1.2 விழுக்காடு கார்பன், 1.5 விழுக்காடு மாங்கனீசு என்று ஆண்ட்ரூஸ் சூத்திரத்தில் போட்டால் எம்எஸ் மைனஸ் 14 டிகிரி. இவ்வளவு கார்பனுக்காக வகுத்த சூத்திரம் இல்லை அது, என்றாலும் போகும் திசையைச் சரியாகக் காட்டுகிறது: சென்னை வெயிலிலும் பெங்களூரு குளிரிலும் இந்த ஆஸ்டினைட் மாறாமல் நிற்கும்.

இப்போது இந்தத் தகட்டை இழுப்போம். எந்த உலோகத்தையும் இழுத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இடுப்பு விழும். மெலிந்த இடம் மேலும் மெலிந்து, அங்கேயே அறுந்துவிடும். டிரிப் எஃகில் எங்கே மெலியத் தொடங்குகிறதோ அங்கே நீட்சி அதிகம். நீட்சி அதிகமான இடத்தில் ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாகிறது. மெலிந்த இடமே கடினமாகி இழுப்பைத் தாங்குகிறது. உடனே இழுப்பு பக்கத்து இடத்துக்குப் போகிறது. அங்கும் அதே கதை. இப்படி நீட்சி முழுத் தகட்டுக்கும் பங்குபோடப்படுகிறது. வலிமையும் நீட்சியும் எதிரும் புதிரும் என்பது எஃகுத் தொழிலின் பழைய வழக்கு. இங்கே அது கொஞ்சம் தளர்கிறது. பிரஸ்ஸில் பாகத்தை வடிக்கும்போது கிழியாமல் வளையும், மாறாமல் மிச்சமிருக்கும் ஆஸ்டினைட் மோதலின்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் எல்லா ஆஸ்டினைட்டும் இப்படி நடந்துகொள்ளாது. பெய்னைட் தகடுகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு போல மாட்டியிருப்பது கார்பன் நிறைந்தது, உறுதியானது. தகடுகள் எட்டாத மூலைகளில் கட்டியாகத் தங்குவது கார்பன் குறைந்தது. இழுக்கத் தொடங்கிய உடனேயே அது மாறிவிடும், இடுப்பு விழும்போது கையில் சரக்கு இருக்காது. அதோடு அந்தக் கட்டி மாறி உருவாகும் மார்ட்டென்சைட் கண்ணாடி போல நொறுங்குவது; விரிசல் அங்கிருந்தே கிளம்பும். இரண்டு எஃகிலும் 12 விழுக்காடு ஆஸ்டினைட்தான், ஒன்று நன்றாக நீள்கிறது, மற்றது பாதியில் அறுகிறது என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இந்தச் சவ்வு வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் கேம்பிரிட்ஜில் ஹர்ஷத் பதேஷியாவும் பிரான்சிஸ்கா கபாயெரோவும். கார்பனும் சிலிக்கனும் மிகுந்த எஃகை 200 டிகிரியில், ஏறத்தாழ பலகாரம் பொரிக்கும் எண்ணெயின் சூட்டில், பத்து நாள் போல வைத்திருந்தார்கள். 20 முதல் 40 நானோமீட்டர் தடிமனில் பெய்னைட் தகடுகள், நடுவே ஆஸ்டினைட் சவ்வுகள். வலிமை 2,000 மெகாபாஸ்கலைத் தாண்டியது. பத்து நாள் ஃபர்னஸை ஓட்டிக் கரண்ட் பில் கட்ட எந்தப் பட்டறை முதலாளி சம்மதிப்பார் என்பது வேறு கேள்வி.

பேரிங் செய்பவர்கள் இரண்டு பக்கமும் நிற்பவர்கள். சூட்டில் ஓடும் பேரிங்கின் அளவு மாறக் கூடாது. அதற்காகக் கூடுதல் வெப்பத்தில் டெம்பர் செய்து, அதாவது கடினமாக்கிய பிறகு மீண்டும் சூடாக்கி, ஆஸ்டினைட்டை முன்கூட்டியே தீர்த்துவிடுவார்கள். பேரிங் எண்ணின் பின்னால் எஸ்1 என்று பொறித்திருந்தால் 200 டிகிரி வரை அளவு நிலைக்கும் என்று பொருள். அதே ஆட்கள் தூசியும் துகளும் கலந்த எண்ணெயில் ஓடும் கியர்பாக்ஸ் பேரிங்கில் 20, 30 விழுக்காடு ஆஸ்டினைட்டை மேற்பரப்பில் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். துகள் அழுத்திக் குழி விழும்போது குழியின் ஓரம் கூர்மையாக உடையாமல், மென்மையாக மடிந்து, அந்த இடத்திலேயே மாறிக் கெட்டியாகும்.

இவ்வளவுக்கும் பிறகு பாகங்களின் டிராயிங்குகளில் இன்றும் 'ஆர்ஏ 20 விழுக்காட்டுக்குள்' என்று ஒரே ஒரு எண்தான் எழுதுகிறார்கள். எவ்வளவு என்று கேட்கிறார்கள், எப்போது மாறும் என்று கேட்பதில்லை. எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையில் கிடைக்கும் வரைபடத்தில் ஆஸ்டினைட்டின் முகடுகளையும் மார்ட்டென்சைட்டின் முகடுகளையும் ஒப்பிட்டுத்தான் அந்த விழுக்காட்டைத் தருகிறார்கள். அதே வரைபடத்தில் ஆஸ்டினைட் முகடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் பதிவாகியிருக்கும். 1 விழுக்காடு கார்பன் சேர்ந்தால் ஆஸ்டினைட்டின் கனச்சதுரம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.003 நானோமீட்டர் அகலும். அந்த அளவுக்கு முகடு நகர்ந்திருக்கும். அந்த நகர்வை அளந்தால் ஆஸ்டினைட்டுக்குள் எவ்வளவு கார்பன் என்று தெரியும், கார்பன் தெரிந்தால் அது எவ்வளவு உறுதியாக நிற்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். தனியாக இன்னொரு பரிசோதனை வேண்டியதில்லை, அதே வரைபடம்தான். லேபுக்குத் துண்டு அனுப்பும்போது படிவத்தில் ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். எங்கள் அடுத்த கேஜின் மாதிரித் துண்டுக்கு அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.